கம்பிகள் கை மாறுவதில்லை

கலிஃபோர்னியாவின் சமூகத் தேர்வு மின்திட்டத்தில் (குடியிருப்போருக்கான மின்சாரத்தை உள்ளாட்சியே வாங்கித் தரும் ஏற்பாடு) நம் நகரம் சேர்ந்தால், இப்போது நமக்கு மின்சாரம் வழங்கும் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் விலகிவிடும், மின்தடையைச் சரிசெய்ய ஆளிருக்காது, விரும்பாதவர்கள் வெளியேறவும் முடியாது என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. முதியோர் பலரை இது வீணாக அச்சுறுத்தும் என்பதால் விளக்குகிறேன். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மின்சாரத்தைக் கொள்முதல் செய்பவர் மட்டுமே மாறுகிறார்; கம்பி, மீட்டர், பழுதுபார்ப்பு, மாதாந்திர பில் ஆகியவை பழைய நிறுவனத்திடமே இருக்கும். 2010இல் மரின் கவுண்டியில் முதல் திட்டம் தொடங்கியபோதும் இதுவே நடைமுறை. குறைந்த வருமானத்தினருக்கான கட்டணச் சலுகையும் தொடரும்.

எல்லோரும் தாமாகவே சேர்க்கப்படுவார்கள் என்பது உண்மைதான். ஆயினும், சேவை தொடங்குவதற்கு முன்னும் பின்னுமாக எழுத்துவழி அறிவிப்புகள் அனுப்பப்பட வேண்டும். தொடங்கிய முதல் 60 நாள்களுக்குள் அபராதமின்றி விலகலாம்.

கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு. பழைய நிறுவனம் நமக்காக முன்பே செய்துகொண்ட கொள்முதல் ஒப்பந்தங்களின் சுமையில் நம் பங்கை, புதிய திட்டத்துக்கு மாறிய பிறகும் தனிக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். அது ஆண்டுதோறும் மாறுவதால், சேமிப்பு நிச்சயம் என்று எவரும் உறுதியளிக்க இயலாது. அக்கட்டணத்தையும் சேர்த்த ஒப்பீட்டையே நகர்மன்றத்திடம் நாம் கேட்க வேண்டும்.