எண்ணிக்கைக்குள் அடங்காத பதில்கள்
அமெரிக்கக் கருத்தியல் கலைஞர் டான் செலெண்டர், கடிதத்தில் கேள்வி கேட்டு வந்த பதில்களைத் தொகுத்துப் புத்தகங்களாக்கியவர். அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை அந்தப் புத்தகங்களைக் கருத்துக்கணிப்பு அறிக்கைகள் என்று வகைப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. கணிப்பு என்றால் எண்ணிக்கை வேண்டும். 1970இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அம்மாநில ஆளுநர் ராக்ஃபெல்லரைப் பற்றிக் கேள்வி எழுப்பி, உள்ளிருப்பது தெரியும் இரண்டு பெட்டிகளில் சீட்டுகளைப் போடச் சொன்னாரே ஜெர்மன் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே, அங்கே எந்தப் பெட்டி நிறைகிறது என்பதுதான் படைப்பு. செலெண்டரின் வழி வேறு. 1975இல் வந்த 'மியூசியம் பீஸ்' நூலுக்காக அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுதி, சரக்கு இறக்கும் இடத்தின் புகைப்படத்தைக் கேட்டார். வந்த பதில்களையே நூலாக்கினார். முகப்புத் தூண்களைக் காட்டியே பழகிய நிறுவனங்கள் தங்கள் பின்வாசலைப் பற்றி எந்தத் தொனியில் பேசுகின்றன என்பதை எந்தச் சதவீதம் சொல்லிவிடும்? களக் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கேள்வியை விட்டு விலகி மக்கள் மனம்விட்டுச் சொல்வதெல்லாம் 'பிற' என்ற கட்டத்தில் ஒரு குறியீட்டு எண்ணாகச் சுருங்கிவிடும். அறிக்கையில் அதன் சுவடே இருக்காது. அது எனக்கு எப்போதும் வருத்தம்தான். செலெண்டர் காப்பாற்றியது அந்தப் பேச்சைத்தான். வேறொரு பதிப்பாசிரியரிடம் போயிருந்தால் முதலில் வெட்டுப்பட்டிருப்பதும் அதுதான் என்பதால், அவர் அதை வெட்டாமல் வெளியிட்டதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்திருக்கக் கூடாது.