ரோஜா மணம் பூசிய கந்தக நாற்றம்

முடி நீக்கும் கிரீம் விற்பவர்களின் துணிச்சலை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அட்டைப் பெட்டியின் முகப்பில் 'வலியில்லை, பட்டுப் போன்ற சருமம்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறவர்கள், தோல் வெந்து போகக்கூடும், குறித்த நிமிடங்களுக்கு மேல் வைக்கக்கூடாது, முதலில் சிறிய இடத்தில் பூசிக் கழுவிவிட்டு 24 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் உள்ளே மடித்த தாளில் பூதக்கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில் ஒளித்து வைக்கிறார்கள்.

அந்தக் குழாய்க்குள் இருப்பது தயோகிளைகோலேட் என்ற கந்தகச் சேர்ம உப்பும் கடும் காரமும் (அல்கலி)தான். முடியின் கெரட்டின் என்ற புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுத்து, அதைக் கூழாக்கி வழித்தெடுக்க வைப்பதே அதன் வேலை. நம் தோலின் மேலடுக்கும் அதே கெரட்டினால் ஆனது என்பதால், முடி கரைந்த பிறகு அந்தக் காரம் அடுத்துத் தோலைத்தான் பதம் பார்க்கும். அக்குள் சிவந்து, எரிந்து, கருத்துப் போனதாகக் கேட்டால், 'உங்களுக்குச் சென்சிட்டிவ் ஸ்கின்' என்று பழியை நம் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு அந்த நாற்றம்! ரோஜா வாசனை சேர்த்தால் கந்தகம் அடங்கிவிடும் என்று நினைத்த மகானை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இத்தனை அவதிப்பட்டும் மயிர்க்கால் அப்படியே இருப்பதால், சில நாட்களிலேயே முடி மீண்டும் எட்டிப் பார்க்கிறது. அடுத்த குழாயும் விற்பனையாகிறது.

லேசர் சிகிச்சையோ முடிக்குக் கருமை தரும் மெலனின் நிறமியைக் குறிவைத்து, அதில் எழும் வெப்பத்தால் மயிர்க்காலையே தாக்குகிறது. வளர்ச்சிப் பருவத்திலுள்ள முடிகளே அதற்கு வசப்படும் என்பதால் சில வார இடைவெளியில் பலமுறை போக வேண்டும், செலவு அதிகம், நரைமுடிக்குப் பயன்படாது, நம் கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் போன்ற பொருத்தமான கருவியும் அனுபவமுள்ள தோல் மருத்துவரும் இல்லாவிட்டால் அதிலும் சூடு படும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்கூட அதை 'நிரந்தரக் குறைப்பு' என்ற அளவில்தான் ஏற்கிறது. ஆனாலும் நல்ல மருத்துவர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறார், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்குகிறார். கிரீம் பெட்டியின் முகப்பில் அதே எச்சரிக்கையைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிட இவர்களுக்கு என்ன கேடு?