பலகையை மட்டும் மாற்றினால் போதுமா?

பனிச்சறுக்குப் பலகையின் பக்கவளைவை, அதாவது நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும் வளைவைக் குறைத்தால், மலைச்சரிவில் அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில் போட்டி வீரர்களின் முழங்கால் தப்பும் என்கிறது ஒரு கட்டுரை. பாதி உண்மைதான். இடுப்பு ஒடுங்கிய பலகை, விளிம்பு பனியில் பதிந்ததுமே தானாகத் திரும்பும். வீரர் தடுமாறிப் பின்னால் சாயும்போதும் விடாது. பலகை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் இழுக்க, நடுவில் முழங்கால் ஜவ்வு கிழியும். அதனால்தான் 2012-13 பருவத்தில் ஆண்கள் டவுன்ஹில் பலகையின் பக்கவளைவுக்குக் குறைந்தது 50 மீட்டர் ஆரம், கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலமுக்கு 35 மீட்டர் என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு விதித்தது; ஆரம் கூடினால் பலகை நேராகும். இதைக் கடுமையாக எதிர்த்த அமெரிக்க வீரர் டெட் லிகெட்டி, அப்புறம் 2013 உலகப் போட்டியில் அந்த நேர்ப்பலகையிலேயே தங்கம் வாங்கினார். ஜயன்ட் ஸ்லாலமுக்குப் பிறகு 30 மீட்டராகத் தளர்த்திவிட்டார்கள். சரி, மணிக்கு 130 கிலோமீட்டரில் விழுகிறவருக்கு? தண்ணீர் பாய்ச்சி இறுக்கிய பனியையும், காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு சரியான நொடியில் கழல்கிறதா என்பதையும் கட்டுரை தொடவே இல்லையே!