ஜிரோனாவின் அந்த ஒரு சீசன்

ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகாவில் 2023-24-இல் மூன்றாம் இடம் பிடித்த ஜிரோனா ஃபுட்பால் கிளப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும், யாராவது ஒருவர் வந்து "அது மான்செஸ்டர் சிட்டி காசுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார், சிட்டியின் முதலாளி நிறுவனத்துக்கு இந்தக் கிளப்பிலும் பங்கு இருந்ததால். இன்னொருவர், "அடுத்த வருஷமே 16-வது இடத்துக்கு வந்துட்டாங்களே, அப்போ அது குருட்டு அதிர்ஷ்டம்தானே" என்கிறார். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கு மனசே ஆறவில்லை. 2023-24 சீசனில் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அந்த அணியின் மேட்சுகளைப் பார்த்தவன் நான், அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டலோனியாவில், பார்சிலோனாவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஒன்யார் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர், மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பல வீடுகளில் பார்சா (பார்சிலோனா கிளப்) ரசிகர்கள்தான். கிளப் தொடங்கியது 1930-இல், முதல் டிவிஷனில் கால் வைத்தது 2017-இல். இரண்டே வருடத்தில் திரும்ப இறங்கியது. 2020, 2021 இரண்டு வருடமும் மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதிவரை வந்து வாசலிலேயே தோற்றது. 2022-இல் டெனெரிஃபேவை அவர்கள் மண்ணிலேயே 3-1 என்று ஜெயித்துத்தான் மேலே ஏறியது. கிளப்பின் மொண்டிலிவி மைதானத்தில் 14,000 பேர்தான் உட்கார முடியும், அதிலும் ஒரு பகுதி இரும்புக் குழாய்களால் கட்டிய தற்காலிக கேலரி.

அந்த அணி 38 மேட்சில் 81 பாயிண்ட் எடுத்து மூன்றாவதாக முடித்தது. 85 கோல்! ரியல் மாட்ரிட் மட்டும்தான் அதைவிட இரண்டு கோல் அதிகம், பார்சாவே அதற்குக் கீழேதான். அந்த சீசனின் தொடக்கத்தில் லா லிகா அறிவித்த சம்பள வரம்பு மாட்ரிட்டுக்கு 727 மில்லியன் யூரோ, ஜிரோனாவுக்கு ஏறக்குறைய 52 மில்லியன். சிட்டி காசு என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் அந்த சீசனைக் கட்டியவர் பயிற்சியாளர் மிச்செல். மாட்ரிட்டின் வயேகாஸ் பகுதிக்காரர். ராயோ கிளப்பை இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே கொண்டுவந்தார், அடுத்த வருடமே வேலை போனது. வெஸ்காவை மேலே கொண்டுவந்தார், அங்கேயும் அதே கதை. ஜிரோனாவுக்கு வந்த புதிதில் அணி இரண்டாம் டிவிஷனில் கீழே கிடந்தது, மற்ற கிளப்பாக இருந்தால் அப்போதே அனுப்பியிருப்பார்கள், இவர்கள் பொறுத்தார்கள். அவரும் கட்டலான் மொழியைக் கற்றுக்கொண்டு பத்திரிகையாளர்களிடம் அதிலேயே பேச ஆரம்பித்தார். ஒரு மாட்ரிட்காரர் அந்த ஊரில் கட்டலான் பேசுவது சாதாரண விஷயம் இல்லை, அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அப்புறம் ஆட்டம். மிகேல் குட்டியேரஸ் பேப்பரில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். ஆனால் கோல்கீப்பர் கஸ்ஸானிகா காலில் பந்து இருக்கும்போது பார்த்தால் அவர் மிட்ஃபீல்டின் நடுவில் நிற்பார். சாவினோ இடது கோட்டை ஒட்டிச் சுண்ணாம்பை மிதித்தபடி நிற்பார், அங்கிருந்து நகரவே மாட்டார். எதிரணியின் ரைட் பேக் சாவினோவிடம் போவதா, உள்ளே வந்த குட்டியேரஸைப் பிடிப்பதா என்று அரை நொடி தயங்குவார். அந்த அரை நொடிக்குத்தான் மிட்ஃபீல்டர் அலெய்ஷ் கார்சியா காத்திருப்பார், பந்து அங்கே போய்விடும். அக்டோபரில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வாரமும் இதைப் பார்த்தேன். இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்ல மனது வருகிறது?

வீரர்களும் யார்? அலெய்ஷ் கார்சியா சிட்டியில் நிலைக்க முடியாமல் பெல்ஜியம், ருமேனியா என்று சுற்றிவிட்டு வந்தவர். டேலி பிளிண்டுக்கு 33 வயது, முடிந்துபோன ஆட்டக்காரர் என்று எழுதப்பட்டவர். டோவ்பிக் உக்ரைனின் ட்னிப்ரோ-1 கிளப்பிலிருந்து வந்து, ஸ்பெயினில் முதல் சீசனிலேயே 24 கோல் போட்டு லீக்கின் அதிக கோல் விருதை வாங்கினார், அதில் மூன்று கடைசி நாளில் கிரனாடாவுக்கு எதிராக. ஸ்துவானி, அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் கூடவே இறங்கி விளையாடியவர். டிசம்பரில் வலென்சியாவிடம் தோற்றுக்கொண்டிருந்தபோது 82-வது, 88-வது நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு ஜெயிக்கவைத்தார், வயது 37. எட்டு நாள் கழித்து பார்சிலோனாவின் மோன்ட்ஜூயிக் மைதானத்தில் பார்சாவை 4-2. அதில் மூன்றாவது கோல் அடித்த வலேரி அந்த மாகாணத்துப் பையன். 16 மேட்சில் 41 பாயிண்ட், டேபிளில் முதலிடம்!

சரி, குறையே இல்லையா என்றால் இருக்கிறது. மாட்ரிட்டிடம் சொந்த மண்ணில் 3-0, அவர்களுடைய பெர்னபேயு மைதானத்தில் 4-0, இரண்டுமே நியாயமான தோல்விகள். அந்த பெர்னபேயு தோல்விக்குப் பிறகு பில்பாவோ, மயோர்க்கா, கெட்டாஃபே மூன்று ஊரிலும் தோற்றார்கள். கோப்பைக்குத் தேவையான ஆழம் அந்த அணியில் இல்லை, இதை ஒத்துக்கொள்கிறேன்.

சிட்டி விஷயத்திலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சிட்டியின் முதலாளி நிறுவனமான சிட்டி ஃபுட்பால் குரூப்பிடம் ஜிரோனாவின் 47 சதவீதப் பங்கு இருந்தது. ஆனால் அந்த உறவு கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டதுதான் என்னை உறுத்துகிறது. சாவினோவை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அவர் பிரான்ஸின் ட்ருவா கிளப் வீரர், அதுவும் இதே குரூப்பின் கிளப். அந்தக் கிளப்புக்காக ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. அங்கிருந்து லோனில் (தற்காலிகக் கடனாக) ஜிரோனா, ஜிரோனாவில் பெயர் வாங்கியதும் நேராக மான்செஸ்டர். அந்தப் பையனை வளர்த்தது யார், விற்ற காசு யார் கணக்கில் போனது? ஒரே முதலாளியின் கிளப்புகளுக்குள் ஆட்களை இப்படி நகர்த்துவதற்குக் கடுமையான விதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் ஆடும் சாம்பியன்ஸ் லீக்கில், ஒரே முதலாளி என்பதால் சிட்டியும் ஜிரோனாவும் ஒன்றாக ஆடக்கூடாது என்று சிக்கல் வந்தபோது, பங்குகளை ஒரு வருடத்துக்குத் தனி அறக்கட்டளையின் கையில் கொடுத்துத்தான் ஆட அனுமதி கிடைத்தது. காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் அதற்குள் டோவ்பிக் ரோமாவுக்கும், அலெய்ஷ் கார்சியா லெவர்குசெனுக்கும், யான் கூட்டோ டோர்ட்மண்டுக்கும் போயாகிவிட்டது, எரிக் கார்சியா லோன் முடிந்து பார்சாவுக்குத் திரும்பிவிட்டார். முதுகெலும்பை உருவிவிட்டு ஏன் நிமிர்ந்து நிற்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் லீக்கில் எட்டு மேட்சில் ஒரே வெற்றி. முதல் மேட்சில் பாரிஸில் 90-வது நிமிடம் வரை கோல் விடாமல் தாங்கி, கஸ்ஸானிகாவின் கால்களுக்கு நடுவே பந்து நழுவி உள்ளே போனதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. லீக்கில் 41 பாயிண்ட், 16-வது இடம். முந்தைய வருடம் 16 மேட்சில் எடுத்த அதே 41.

அந்த 16-ஐக் காட்டுகிறவர்கள் 2024 மே 4-ஆம் தேதி மேட்சை ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிட்டு வாருங்கள். மறுபடியும் பார்சா, இந்த முறை மொண்டிலிவியில். நமக்கு சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. இடைவேளைக்குப் பிறகும் 2-1 என்று பார்சா முன்னிலை. போர்ட்டுவை இறக்குகிறார்கள். 2017-இல் கிளப்பை முதல் முறை மேலே கொண்டுவந்த அணியில் இருந்தவர், 2019-இல் கிளப் இறங்கியபோது வேறு ஊர் போய், நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். களத்தில் இறங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, 65-வது நிமிடத்தில் கோல். 67-இல் அவர் கொடுத்த பந்தில் குட்டியேரஸ். 74-இல் மறுபடி போர்ட்டு. பத்து நிமிடத்துக்குள் 4-2. விசில் ஊதியதும் சாம்பியன்ஸ் லீக் இடம் உறுதி. அதே முடிவால் மாட்ரிட் சாம்பியன் ஆனது, அது அவர்கள் பாடு. நான் டிவியை அணைக்கவில்லை, போர்ட்டுவின் முகத்தை இன்னொரு தடவை காட்டுவார்களா என்று உட்கார்ந்தே இருந்தேன்.