ஊர் எழுதியிருந்த ஒரே தாள்

என் பூட்டன் எந்த ஊர்க்காரர் என்று நாலு வருஷமாகத் தேடினேன். "திருச்சி ஜில்லா, துறையூர் பக்கம்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கிற கங்காணியோடு சிலோனுக்குப் போனவர் அவர். தாத்தா பிறந்தது அங்கே பதுளையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில். நான் பிறந்தது கோத்தகிரியில்.

முதலில் ஊர்ப்பக்கம் நிலப் பதிவேடுகளில் தேடினேன். அது வீண் வேலை. நிலம் வைத்திருந்தவன் பெயர்தானே அதில் இருக்கும்? நிலம் இல்லாததால்தான் அவர் கடலே தாண்டினார். சிலோன் பக்கமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு தகர வில்லையைக் கட்டி அனுப்புவார்கள். அதில் வெட்டியிருப்பது தோட்டத்தின் எண். ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும், எங்கிருந்து வந்தான் என்பது யாருக்கு வேண்டும்?

கடைசியில் ஊர்ப்பெயர் கிடைத்தது தாத்தாவின் தகரப்பெட்டியில், இந்தியக் குடியுரிமைக்கு அவர் போட்ட விண்ணப்பத்தின் நகலில். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். தலைக்கணக்குதான், மனுஷக் கணக்கு இல்லை. தாத்தாவுக்கு அந்தத் தாளைக் கண்டாலே ஆகாது. பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேற்றிய தாள் அது. அதில்தான் "தகப்பனார் பிறந்த ஊர்" என்று ஒரு கட்டம் இருந்தது.

குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதிய பெயரை ரெண்டு மூணு விதமாக வாசிக்கலாம். அப்படி ஒலிக்கிற ஊர் துறையூர்ப் பக்கம் ரெண்டு இருந்தன. எந்த ஊர் என்று காட்டிக்கொடுத்தது குலசாமி. பதுளையிலும் கோத்தகிரியிலும் எங்கள் வீட்டில் செல்லாண்டியம்மனுக்குத்தான் படையல். ஒரு ஊரில் ஏரிக்கரையில் அம்மன் இருந்தாள், இன்னொன்றில் இல்லை.

கோயில் திண்ணையில் இருந்த பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டு, "நெலம் கிலம் பாக்க வந்தீங்களா தம்பி?" என்றார். இல்லைங்கய்யா, சும்மா பாக்கத்தான் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் மோர் கொடுத்தார்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த விண்ணப்பங்கள் ரெண்டு நாட்டு அலுவலகங்களிலும் எத்தனை லட்சம் இருந்திருக்கும்! நிலமில்லாத சனங்களின் ஊர்ப்பெயரை வரிசையாக எழுதி வைத்த காகிதம் வேறு எங்கே இருக்கிறது? அவற்றைப் பழைய காகிதம் என்று கழித்துவிடக் கூடாது. பேரப்பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் இருக்கிற நம் சொந்தங்களே, வீட்டில் இருக்கும் குடும்ப அட்டையை, பழைய பாஸ்போர்ட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு மனக்குறையும் இருக்கிறது. அதே விண்ணப்பத்தில் பூட்டியின் பெயர் மட்டும் இருக்கிறது. அவள் பிறந்த ஊரை எழுத அதில் கட்டமே இல்லை. கூடலூரில் இருக்கும் சின்னப்பாட்டியிடம் போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எங்கூருல மண்ணு கருப்பு, மழ பேஞ்சா காலு புதையும்னு சொல்லும்யா" என்றார்.

துறையூருக்குக் கிழக்கே பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண் உண்டு. தை பிறந்ததும் அங்கே போகிறேன்.