தார் பூசினால் பட்டை வளருமா?

பட்டை உரிந்த சில்வர் ஓக் மரத்தின் படத்துடன் ஏற்காடு காப்பித் தோட்டக்காரர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது: “உடனே தார் பூசுங்கள், மனிதத் தோலைப் போல மூன்றே வாரத்தில் காயம் ஆறிவிடும்.” தவறு.

மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அடைத்து வைக்கிறது. வெட்டுப்பட்ட சிறிது நேரத்திலேயே ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் தாவர ஹார்மோன் பெருகி எச்சரிக்கை பரப்புகிறது. பீனால் சேர்மங்கள் காற்றுடன் வினைபுரிவதால் காயம் பழுப்பாகிறது. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே வேதியியல்தான். பிறகு ஓரத்துச் செல்கள் தங்கள் சுவர்களில் லிக்னின் என்ற மரத்துக்கு உறுதி தரும் பொருளையும் சூபரின் என்ற தக்கைப் பொருளையும் படியவைத்து, ஈரம் வெளியேறாமலும் பூஞ்சை நுழையாமலும் தடுக்கின்றன. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே புதுச் செல்களை உருவாக்கும் மெல்லிய அடுக்கான கேம்பியம், விளிம்பில் உயிரோடிருக்கும் இடத்தில் பெருகி, தடித்த உதடுபோல உள்நோக்கி வளர்கிறது. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் பாயும் தடத்தில் புதுக் குழாய்கள் உருவாகின்றன. பெரிய காயம் மூட ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்தவர். பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்பதே அவர் கண்டது.

முழுப் பரப்பும் மீண்டும் தோல் கட்டுவது உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சீனாவில் மருந்துக்காக உரிக்கப்படும் யூக்கோமியா மரத்தில், உரித்த பரப்பை விரல்கூடப் படாமல், உலரவிடாமல் பிளாஸ்டிக் தாளால் மூடினால், முதிராத மரச் செல்களிலிருந்தே புதுப் பட்டை வரும். தார் பூசுவது இதற்கு நேர் எதிரான வேலை.

சுற்றிலும் உரிந்த மரம் சில மாதம் பச்சையாக நிற்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். நீர் ஏறும் வழி உள்ளே பிழைத்திருக்கிறது. வேருக்குச் சர்க்கரை இறங்கும் வழிதான் அறுந்துவிட்டது.