கோஹனின் கடைசி ஆல்பத்தில் ஒரு சண்டை இருக்கிறது

ஒவ்வொரு நவம்பரிலும் கனடாவின் பாடகரும் கவிஞருமான லெனார்ட் கோஹனின் நினைவு நாள் வந்தால் என் டைம்லைனில் ஒரே வரிதான் சுற்றுகிறது. 'சாவுக்குத் தயாராகிவிட்ட ஒருவர் எழுதிய விடைபெறும் கடிதம்.' 2016-ல் வந்த 'யூ வான்ட் இட் டார்க்கர்' ஆல்பத்தைத்தான் சொல்கிறார்கள். பகிர்கிறவர்கள் எல்லாம் என்னைப் போன்ற ரசிகர்கள்தான், அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வரி எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

அந்த வருஷத்தை எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். மாநிலம் கேரளம், வீட்டிலும் சந்தையிலும் பேசுவது தமிழ். ஆல்பம் வெளியானது அக்டோபர் 21. அந்த மாதக் கடைசியில் கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. தமிழகத்தோடு செய்த பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி எங்கள் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவில் வர வேண்டும். டீக்கடையில் அந்த எண்ணைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எங்கள் தோட்டத்தில் இரண்டாவதாகப் போட்ட போர்வெல்லிலும் புகைதான் வந்தது.

அன்று சாயங்காலம் அம்முச்சி, என் அம்மாவின் அம்மா, மாரியம்மன் கோயில் வாசலில் நின்று சத்தம் போட்டாள். "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? வருசா வருசம் கூழு ஊத்தினனே, அது பத்தலையா உனக்கு?" அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டி முடித்த கையோடு கற்பூரம் ஏற்றினாள், தரையில் விழுந்து கும்பிட்டாள். இரண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

அந்த வாரம்தான் சித்தூரில் என்னோடு படித்த மலையாள நண்பன் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை அனுப்பினான். கேட்டதும் அம்முச்சி ஞாபகம்தான் வந்தது.

அந்தப் பாட்டில் கோஹன் கடவுளை நேராகக் கூண்டில் ஏற்றுகிறார். உதவி வரும் என்று இத்தனை பேர் விளக்கேற்றிக் காத்திருந்தார்களே, ஏன் வரவில்லை என்று கேட்கிறார். இன்னும் இருட்டு வேண்டும் என்பது உன் ஆசையென்றால் சரி, விளக்கை நாங்களே அணைக்கிறோம் என்கிறார். அதற்குப் பிறகுதான் 'ஹினேனி' என்ற எபிரேயச் சொல் வருகிறது. 'இதோ இருக்கிறேன்' என்று பொருள். மகனைப் பலி கொடு என்று சொல்லக் கடவுள் கூப்பிட்டபோது ஆபிரகாம் சொன்ன பதில் அது. அதோடு சேர்த்து 'நான் தயார், ஆண்டவரே' என்கிறார் கோஹன். பகிர்கிறவர்கள் அந்த 'தயார்' என்ற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்விகளை விட்டுவிடுகிறார்கள்.

நமக்கு இது புதிதே இல்லை. கண் பார்வை போன சுந்தரர் திருவாரூரில் நின்று பாடிய பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீளா அடிமை என்று தொடங்குகிறவர், உன் அடியார்கள் இப்படிக் கஷ்டப்படுகிறார்கள், நீர் நன்றாக இருந்துகொள்ளும் என்று பாட்டுக்குப் பாட்டு 'வாழ்ந்து போதீரே' என முடிக்கிறார். ஆள் அடிமைதான், வாய் மட்டும் அடங்கவில்லை. திட்டுவதுபோலத் துதிப்பது, நிந்தாஸ்துதி என்று இதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது. கோஹன் யூதக் குருமார் மரபில் வந்தவர். அந்தப் பாட்டில் பின்னால் ஒலிப்பது மாண்ட்ரியலில் அவர் குடும்பத்தின் ஜெப ஆலயமான ஷார் ஹஷோமயிமின் பாடகர் குழு. அவருடைய தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் தலைவர்களாக இருந்த இடம் அது. குலதெய்வக் கோயிலுக்குள்ளேயே நின்று சாமியைக் கேள்வி கேட்பதுபோலத்தான். பாட்டின் முடிவில் கோஹன் பேசுவதை நிறுத்திக்கொள்கிறார், அங்கே தலைமைப் பாடகராக இருந்த கிடியன் ஜெலர்மயரின் குரல் மட்டும் அந்த ஹினேனியைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம், சாகத் தயார் என்று அவர் ஒரு பேட்டியில் சொன்னது உண்மைதான். ஆனால் சில நாட்களிலேயே லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த ஆல்பம் அறிமுகத்தில், அது கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னது, எப்போதும் வாழ்வதாகத்தான் உத்தேசம் என்று சிரித்துக்கொண்டே திருத்தினார். இதை ஏன் யாரும் பகிர்வதில்லை?

அவருக்கு அப்போது 82 வயது. முதுகெலும்பில் முறிவுகள். ஸ்டூடியோவுக்குப் போக முடியாமல் வீட்டு ஹாலிலேயே, மருத்துவ நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். தயாரித்தது மகன் ஆடம். அப்பாவின் குரல் பேச்சளவுக்கு இறங்கிவிட்டதை அவர் மறைக்கப் பார்க்கவில்லை. அந்தக் குரலைச் சுற்றி இடம் விட்டு, ஒரு பேஸ், கொஞ்சம் ஆர்கன், தேவையான இடத்தில் கோரஸ் என்று அளந்து வைத்திருக்கிறார். 'லீவிங் தி டேபிள்' பாட்டில் கிடார் எவ்வளவு பொறுமையாக நடக்கிறது பாருங்கள். மொத்தம் ஒன்பது பாட்டு, 36 நிமிஷம். ஒரு வரிகூடக் கூடுதல் கிடையாது. சாவைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் வேலையாக எனக்கு இது தெரியவில்லை. சொல்லைச் செதுக்கிச் செதுக்கிப் பழகிய ஒருவர் அன்றைக்கும் வேலைக்கு வந்திருக்கிறார்.

அவர் இறந்தது நவம்பர் 7. செய்தி வெளியே வந்தது 10-ம் தேதி. நமக்கு 11 காலை. பழைய 500, 1000 ரூபாய் நோட்டை மாற்ற ஊரே வரிசையில் நின்ற நேரம், நானும் ஒரு வங்கி வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் அதே நண்பன் அனுப்பியிருந்தான். முன்னால் நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாச்சுங்களா தம்பி?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

2019-ல் ஆடம், அப்பா விட்டுப்போன குரல் பதிவுகளை வைத்து 'தேங்க்ஸ் ஃபார் தி டான்ஸ்' ஆல்பத்தை முடித்து வெளியிட்டார். அழகானதுதான், நன்றியோடு கேட்கிறேன். ஆனாலும் கோஹன் தன் கையால் மூடி வைத்தது 2016 ஆல்பம். கடைசி என்றால் எனக்கு அதுதான்.

நண்பனும் நானும் இன்னும் இரண்டு பேரும் வருஷா வருஷம் நவம்பர் 7 ராத்திரி எங்கள் மொட்டை மாடியில் முழு ஆல்பத்தையும் போட்டுக் கேட்கிறோம். கடைசிப் பாட்டு 'ட்ரீட்டி'யின் மெட்டை வயலின்கள் திரும்ப வாசிப்பது. ஆல்பத்தில் இரண்டாவதாக வந்த அந்தப் பாட்டில் ஓர் உடன்படிக்கைக்காக ஏங்கியவர் இங்கே பேசவே இல்லை. நிமிஷக்கணக்கில் தந்திகள் மட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பனை ஓலை சலசலக்கும். யாரும் வாய் திறப்பதில்லை. எத்தனையோ தடவை கேட்டாயிற்று, இருந்தும் இந்தத் தடவை அவர் வரமாட்டார் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றிவிடுகிறது. முடியப் போகிற நேரத்தில் வருகிறார். அதே உடன்படிக்கையை இன்னொரு தடவை கேட்கிறார், அவ்வளவுதான்.